நாற்பது ராத்தல் நியாயம்

1954-ஆம் ஆண்டு ஹாலிவுட்டிலிருந்து ஒரு தமாஷ் படம் வெளிவந்தது. 'தி லாங், லாங் டிரெய்லர்' என்று பெயர். லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் அதில் புதுமணத் தம்பதிகள். சொந்த வீடு வாங்குவதற்குப் பதிலாகச் சக்கரம் வைத்த வீடு ஒன்றை வாங்கி, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்படுகிறார்கள். அம்மாளுக்கு ஒரு விசித்திர ஆசை. போகிற இடத்திலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல்லைப் பொறுக்கி வண்டியில் ஏற்றிக்கொள்வாள். மலைப்பாதை குறுக்கிடுகிறது. கல்லையெல்லாம் கொட்டிவிடும்படி கணவன் சொல்கிறான். அவள் கொட்டாமல் வண்டிக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுகிறாள். பிறகு அந்த மலையில் அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துக் கொட்டகைகள் சிரித்தன.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தில் வசனமே இல்லாத ஒரு பாத்திரம் உண்டு. அந்த வீட்டையும், கல்லையும், தம்பதிகளின் சண்டையையும் சேர்த்துச் சுமந்த டயர்தான் அது. எழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியும் அதன் சார்பில் பேச ஆள் குறைவு. இன்று நான் பேசப் போகிறேன்.

"நாவல் எழுதுகிறவனுக்கு டயர் சமாசாரம் எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஜான் ஸ்டைன்பெக்கைவிடப் பெரிய நாவலாசிரியன் நான் இல்லை. 1939-இல் அவர் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில், பிழைப்புத் தேடி மேற்கே போகிற ஏழைக் குடியானவர்களிடம் உதவாத பழைய டயரை யானை விலை சொல்லி விற்கிறவர்கள் வருகிறார்கள். 1960-இல் அவரே லாரியின் மேல் கட்டிய ஒரு சின்ன வீட்டில், சார்லி என்ற நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றினார். தேவைக்கு மேல் சாமான்களை ஏற்றிக்கொண்டார். ஆரிகன் மாகாணத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுமை தாங்காமல் டயர் வெடித்தது. 1962-இல் வந்த அவருடைய பிரயாண நூலில் இந்த அவஸ்தையை அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே இலக்கியத்துக்கும் டயருக்கும் உள்ள உறவு நான் புதிதாகக் கற்பித்தது அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 'டிராவல் டிரெய்லர்' என்று சொல்கிற இந்தச் சக்கர வீடுகளில் பெரும்பகுதி இண்டியானா மாகாணத்தில் எல்க்ஹார்ட் என்னும் ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தயாராகிறது. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் இருக்கும். ஹோட்டலுக்குக் கொடுக்கிற பணம் மிச்சம். நம் வீட்டுச் சாப்பாட்டை நாமே சமைத்துக்கொள்ளலாம். அங்கே குடியேறிய நம்மவர்களில் சிலரும் இப்போது இதை வாங்குகிறார்கள். ஒரு பானை சாம்பாரோடு மலையையும் ஏரியையும் பார்த்துவிட்டு வருவதில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை, டயர் தாங்குகிற வரையில்.

காரில் டயர் பழுதானால் ஓட்டுகிறவரின் கைக்கு உடனே தெரியும். டிரெய்லரில் அப்படி இல்லை. அதில் இஞ்சினும் இல்லை, உட்கார்ந்து ஓட்டுகிறவரும் இல்லை. முப்பதடி பின்னால் ஒரு டயர் காற்று இழந்து, சூடேறிப் புகைந்துகொண்டிருக்கும். முன்னால் இருப்பவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று ரப்பரும் எஃகுக் கம்பியும் பட்டையாகப் பிய்ந்து சாட்டைபோலச் சுழலும். சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு கிழியும். தரைக்கு அடியில் போகிற மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய், சில வண்டிகளில் எரிவாயுக் குழாய் எல்லாவற்றையும் அது பிடுங்கும். துரதிருஷ்டம் முற்றினால், டிரெய்லர் வாலை ஆட்டி, காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கவிழும். அந்தக் காரின் பின்னிருக்கையில் குழந்தைகள் இருப்பார்கள்.

இப்படி நேர்ந்த பிறகு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "காற்றுச் சரியாகப் பார்த்தீர்களா? சுமை அதிகம் ஏற்றினீர்களா?" வண்டி விற்றவர் இதைக் கேட்பார். டயர் விற்றவர் இதைக் கேட்பார். டயர் செய்த கம்பெனியும் இதையே கேட்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அதை அவர்கள் யாரும் கேட்பதில்லை. "அந்த வண்டிக்கு நீங்கள் மாட்டிக் கொடுத்த டயரில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள்?" என்பதே அது. மாற்று டயர் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் கம்பெனிப் பெயரையும் விலையையும் கேட்பதற்கு முன் இந்த மிச்சத்தைக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போடலாம். கடினமான கணக்கு அல்ல. பால் கணக்கு எழுதுகிற யாரும் போடக்கூடியது. நம் டயர்க் கடைகளில் காற்றைப் 'பவுண்டு' என்று சொல்வார்கள். குழப்பம் வராமலிருக்க, எடையை மட்டும் பழைய வழக்கப்படி ராத்தல் என்றே எழுதுகிறேன். அமெரிக்கர்களின் பவுண்டு எடையும் நம் பாட்டிமார்களின் ராத்தலும் ஒன்றுதான்.

நடுத்தர டிரெய்லர் ஒன்றுக்கு இரண்டு அச்சுகள். ஒவ்வொரு அச்சும் 3,500 ராத்தல் தாங்கும். மொத்தம் 7,000. இத்தகைய வண்டிகளில் வெகுகாலமாக மாட்டி வந்த டயரின் அளவு 205/75 ஆர் 14, சுமை எழுத்து 'சி'. 50 பவுண்டு காற்றில் அது தாங்குவது 1,760 ராத்தல். நான்கு டயருக்கு 7,040. ஏழாயிரத்தைக் கழித்தால் மிச்சம் 40 ராத்தல்!

நாற்பது ராத்தல் என்றால் எவ்வளவு? அமெரிக்கக் காலன் கணக்கில் ஐந்து காலன் தண்ணீர் 41 ராத்தலுக்கு மேல் நிற்கும். அதாவது, அச்சு தாங்குகிற அளவுக்குச் சாமான் ஏற்றிய பிறகு நீங்கள் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொண்டால், டயரின் கணக்குத் தீர்ந்துவிட்டது. நான்கு பேர் படுத்து எழுந்து, மலை ஏறி இறங்கி, வெயிலில் நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டிய ஒரு வீட்டுக்கு விட்டு வைத்த பாதுகாப்பு இவ்வளவுதான். இது சட்டத்துக்கு விரோதமும் இல்லை. டயர்கள் தாங்கும் சுமை அச்சின் சுமைக்குக் குறையக் கூடாது என்பதுதான் அமெரிக்க மத்திய அரசின் விதி. குறையவில்லையே! நாற்பது ராத்தல் கூடத்தானே இருக்கிறது? விதி திருப்தியடைந்தது, தொழிற்சாலையும் திருப்தியடைந்தது. திருப்தியடையாதது டயர் ஒன்றுதான்.

இதற்கு அவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். "டிரெய்லரின் எடை முழுவதும் டயர்மேல் இறங்குவதில்லை. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொக்கி வழியாகக் காரின்மேல் போகிறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பத்தையும் பதினைந்தையும் நமக்கா விட்டு வைத்தார்கள்? அச்சுகளின் சுமையோடு அதையும் கூட்டி, வண்டியின் மொத்தச் சுமை இவ்வளவு என்று பெரிய எண்ணாகப் பலகையில் எழுதுகிற வழக்கம் அல்லவா இருக்கிறது! இதைத் தவிர, நான்கு டயரும் நான்கு சகோதரர்களைப்போல் சொத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வதில்லை. சமையல் மேடையும் குளிர்பெட்டியும் ஒரு பக்கம் இருந்தால், அந்தப் பக்கத்து டயர்கள் கூடுதலாகச் சுமக்கும். சராசரியில் சரியாக இருக்கிற வண்டியில்கூட, ஒரு டயர் தன் வரம்பைத் தாண்டி முனகிக்கொண்டிருக்கலாம்.

மிச்சம் தேவையில்லை என்பது உண்மையானால், 2017-இல் ஏன் வழக்கத்தை மாற்றினார்கள்? அமெரிக்காவில் இந்த வண்டிகளைச் செய்கிறவர்களின் சங்கமே அந்த ஆண்டு தன் அங்கத்தினர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. அச்சின் சுமைக்கு மேல் டயரில் 10 சதவிகிதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் கணக்கில் 7,000-க்கு 700. நாற்பது எங்கே, எழுநூறு எங்கே! முன்னால் விற்றது போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? அவர்கள் திருந்தியதைப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் விற்ற வண்டிகள் ஆவியாகப் போய்விடவில்லை. அவை இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி இன்றும் ஓடுகின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் புது வண்டி வாங்க வசதியில்லாத குடும்பஸ்தர்கள். டயர் தேய்ந்ததும் கடைக்குப் போய், பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே படித்துச் சொல்லி, அதையே வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். நாற்பது ராத்தல் நியாயம் இப்படித்தான் சாகாவரம் பெறுகிறது.

ஒஹையோவில் இருக்கிற என் தங்கை மகனோடு ஒரு முறை இப்படிப்பட்ட கடைக்கு நானும் போயிருந்தேன். 2014-ஆம் வருஷத்து டிரெய்லர். இரண்டாம் கையாக வாங்கியது. பின்புறத்து டயர் ஒன்று நெடுஞ்சாலையில் பிய்ந்துவிட்டது. கடைக்காரர் கேட்டவை இரண்டே கேள்விகள்: "என்ன அளவு? எத்தனை வேண்டும்?" வண்டியின் எடையைக் கேட்கவில்லை, அச்சின் சுமையைக் கேட்கவில்லை. நான் மருமகனைத் தனியாக அழைத்து, ஏன் அதே டயரைக் கேட்கிறாய் என்றேன்.

"வேற எதைக் கேக்கறது மாமா? கம்பெனியிலே போட்டுக் கொடுத்தது அதானே?" என்றான்.

"அதேதானேடா வெடிச்சுது?" என்றேன்.

அவன் பேசவில்லை. 'சி' எழுத்துக்குப் பதில் அதே அளவில் 'டி' எழுத்து டயர் வாங்கினோம். 65 பவுண்டு காற்றில் அது 2,040 ராத்தல் தாங்கும். நான்குக்கு 8,160. மிச்சம் 40 இருந்த இடத்தில் 1,160 வந்து உட்கார்ந்தது. விலை வித்தியாசம் ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற காசு. அந்தக் காசைத்தான் தொழிற்சாலை மிச்சம் பிடித்திருந்தது.

டயரின் மேல் எழுதியிருக்கிற எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. டிரெய்லருக்கென்றே செய்கிற டயருக்கு 'எஸ்.டி.' என்று முத்திரை. சிறு லாரிகளுக்குச் செய்வது 'எல்.டி.'. இரண்டிலும் 235/85 ஆர் 16 அளவு உண்டு; இரண்டிலும் 'ஈ' எழுத்து, 80 பவுண்டு காற்று. எல்.டி. டயர் 3,042 ராத்தல் தாங்கும் என்று எழுதுகிறார்கள். எஸ்.டி. டயர் 3,640 தாங்கும் என்று எழுதுகிறார்கள். அளவும் ஒன்று, காற்றும் ஒன்று. தாங்கும் சுமையில் மட்டும் 598 ராத்தல் வித்தியாசம். எப்படி வந்தது? டிரெய்லர் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடாது என்று ஆதியில் வைத்துக்கொண்ட அனுமானத்தினால் வந்தது. மெதுவாகப் போனால் சூடு குறைவு. சூடு குறைந்தால் சுமை கூட்டலாம் என்பது சாஸ்திரம்.

சாஸ்திரம் சரி, சாலை எப்படி? கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கிறவர்கள் மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது என்று சட்டம். டெக்ஸாஸில் 130-ஆம் எண் கட்டணச் சாலையின் ஒரு பகுதியில் 2012 முதல் 85 மைல் வரை போகலாம். டயர் ஒன்றுதான், மாகாண எல்லையைத் தாண்டினதும் அதற்குப் புது எலும்பு முளைப்பதில்லை. பல எஸ்.டி. டயர்களில் இப்போது 75, 81, 87 மைல் என்று வேக எழுத்துகள் பொறிக்கிறார்கள். ரப்பர்க் கலவையும் கட்டுமானமும் முன்னேறியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகப் போகும் என்பதற்காகக் கூட்டிக் கொடுத்த சுமை, வேகமாகப் போகலாம் என்று ஆன பிறகும் குறையவில்லை. சம்பளத்தைக் கூட்டாமல் வேலை நேரத்தை மட்டும் கூட்டுகிற முதலாளியின் கணக்கு இது. ஆகவே டயரில் என்ன எழுத்து இருந்தாலும் 60, 65 மைலுக்குள் போவதே விவேகம்.

இன்னொரு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: சீனா. அங்கிருந்து வருகிற டிரெய்லர் டயர்களுக்கு அமெரிக்க வண்டிக்காரர்கள் 'சீன வெடிகுண்டு' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மட்டமான சரக்கு அங்கிருந்து வரவில்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. குட்இயர் கம்பெனி 2017-இல் 'எண்டியூரன்ஸ்' என்ற டிரெய்லர் டயரை அமெரிக்காவிலேயே செய்து விற்க ஆரம்பித்ததும் பலர் அதைத் தேடிப் போனார்கள், நல்லது. ஆனால் தேசக்கொடியைப் பார்த்து டயர் வாங்குகிறவர்கள் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. மேல்பட்டை கழன்று, வண்டி உருண்டு, அமெரிக்காவில் மட்டும் 270-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதிகமாகப் பேச்சுக்கு உள்ளான டயர்கள் இல்லினாய் மாகாணத்தில் டெகேட்டர் என்ற அமெரிக்க ஊரின் தொழிற்சாலையில் செய்தவை. அப்போதும் என்ன நடந்தது? டயர்க் கம்பெனி கார்க் கம்பெனியைக் கை காட்டியது. கார்க் கம்பெனி டயர்க் கம்பெனியைக் கை காட்டியது. காற்று 26 பவுண்டா, 30 பவுண்டா என்று அதிலும் ஒரு வழக்கு!

அந்த மரணங்களுக்குப் பிறகு அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. கார் டயருக்கும் சிறு லாரி டயருக்கும் கடுமையான பரீட்சைகளை வைத்துப் புது விதி எழுதினார்கள். அந்த விதியில் எஸ்.டி. டயர்களை விலக்கி வைத்தார்கள். கார் டயர் புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை எழுத, டிரெய்லர் டயர் பழைய பாடத்திட்டத்திலேயே தேறிக்கொண்டிருந்தது. காரின் டயரை டிரெய்லரில் மாட்டினால் அதன் சுமையை 1.10-ஆல் வகுத்துக் குறைக்க வேண்டும் என்று விதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, டிரெய்லர் டயருக்கே ஒரு மிச்சம் வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இவற்றையெல்லாம் மிஞ்சிய ஒரு கதை உண்டு. அது இழுக்கும் டிரெய்லரைப் பற்றியது அல்ல. தானே ஓடுகிற மோட்டார் வீட்டைப் பற்றியது. ஆனால் பாடம் ஒன்றுதான். குட்இயர் 'ஜி 159' என்ற டயர் நகரத்துக்குள் சரக்கு விநியோகம் செய்கிற லாரிகளுக்காக உருவானது. அதை நெடுஞ்சாலையில் ஓடுகிற மோட்டார் வீடுகளுக்கும் விற்றார்கள். ஒரு குடும்பத்தின் மோட்டார் வீடு சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். டயரின் பரிசோதனை முடிவுகளைக் காட்டும்படி வருஷக்கணக்கில் கேட்டார்கள். முழுவதும் கைக்கு வரவில்லை. கடைசியில் வழக்கு ராஜியாயிற்று. பிறகு ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து அவர்களுடைய வக்கீல் திடுக்கிட்டார். மணிக்கு 55 முதல் 65 மைல் வேகத்தில் அந்த டயர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறுகிறது என்று காட்டும் பரிசோதனை முடிவுகள் வேறொரு வழக்கில் வெளியாகியிருந்தன! மறைத்ததற்காகக் கீழ்க்கோர்ட்டு 27 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மறைத்ததனால் ஏற்பட்ட செலவை மட்டுமே வசூலிக்கலாம் என்று அந்தத் தொகையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. ஆனால் சூடேறிய டயரின் கதை தீர்ப்பிலேயே பதிவாகிவிட்டது.

பிறகு அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை ஆரம்பித்தது. 1998 முதல் 2009 வரை அந்த டயர் பழுதானதால் 8 பேர் இறந்தார்கள், 69 பேர் காயமடைந்தார்கள் என்பது அதன் முடிவு. 2022-இல், அந்த டயரைச் செய்வதை நிறுத்திப் பத்தொன்பது வருஷங்களான பிறகு, கம்பெனி திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. அப்போது அது சொன்ன காரணம் என்ன தெரியுமா? காற்றுக் குறைவாகவோ சுமை அதிகமாகவோ உபயோகித்தால் ஏற்படக்கூடிய ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவாம்! எட்டுப் பிணங்களுக்குப் பிறகும் பல்லவி மாறவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். உங்களுக்காக மிச்சம் வைக்க யாரும் வரப்போவதில்லை. நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியை நிறுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் லாரிகள் தங்கும் நிலையங்களில் எடை மேடை உண்டு, சொற்பக் கட்டணம்தான். பிரயாணத்துக்குப் போகிற மாதிரியே தண்ணீர், துணிமணி, அரிசி, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துங்கள். முடிந்தால் சக்கரம் சக்கரமாக எடை பாருங்கள். எந்தச் சக்கரம் அதிகம் சுமக்கிறதோ, அந்தச் சக்கரத்துக்குத்தான் டயர் வாங்க வேண்டும், சராசரிக்கு அல்ல. அதற்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து, இருபது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த சுமை எழுத்துக்குப் போங்கள். போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'சி' டயருக்கு 50 பவுண்டு காற்று, 'டி'-க்கு 65, 'ஈ'-க்கு 80. உங்கள் ரிம் அந்தக் காற்றுக்கும் சுமைக்கும் ஏற்றதா என்று அதன் பின்புறத்து முத்திரையைப் பார்க்க வேண்டும். 65-க்கு மேல் போனால் சாதாரண ரப்பர் வால்வு உதவாது. உலோக வால்வு போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஜாதகம். ஒவ்வொரு டயரிலும் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்குகிற ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். நான்கு இலக்கங்களும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அது வண்டியின் அடிப்பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருந்தால் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். கடைக்காரர் "புது டயர்" என்று சொல்வதற்கு, இதுவரை ஓடாதது என்று மட்டுமே அர்த்தம். கிடங்கில் இரண்டு வருஷம் தூங்கியதும் அவருக்குப் புதிதுதான். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். நின்று சாவதே அதிகம். வருஷத்தில் பத்து மாதம் வெயிலிலும் பனியிலும் ஒரே இடத்தில் சுமையோடு நிற்கிறது. ஓடுகிற டயரில் ரப்பருக்குள் இருக்கிற பாதுகாப்பு மெழுகு மேலே வந்து காக்கும். நிற்கிற டயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேலே பட்டன் எல்லாம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். உள்ளே எஃகுப் பட்டை விட்டுப்போயிருக்கும். அனுபவஸ்தர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் நம்புவதில்லை. "பட்டன் இருக்கிறதே!" என்று தடவிப் பார்த்து மகிழ்கிறவர்கள், பல் வரிசையைப் பார்த்து மாரடைப்பு வராது என்று சொல்கிற வைத்தியர்கள்.

மூன்றாவது, காற்று. "காற்றுப் பார்த்தீர்களா?" என்ற கேள்வியை நான் பரிகசித்ததற்காகக் காற்றுப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். குற்றம் சாட்டுகிறவர்களுக்கு நாம் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? காலையில், வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எஸ்.டி. டயருக்குப் பக்கச் சுவரில் எழுதியிருக்கிற முழு அளவை வைப்பதே பொதுவான புத்திமதி. ஒவ்வொரு சக்கரத்தின் காற்றையும் சூட்டையும் முன்னிருக்கைக்கு அறிவிக்கிற கருவி இப்போது கிடைக்கிறது. வசனம் இல்லாத பாத்திரத்துக்கு வசனம் கொடுக்கிற கருவி அது, வாங்கிப் பொருத்துங்கள். இரட்டை அச்சில் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்து ஜோடி டயர் கொஞ்ச தூரமாவது இருவர் சுமையை ஒருவராகச் சுமந்திருக்கும். வெளியே காயம் தெரியாவிட்டாலும் அதையும் மாற்றிவிடுவது நல்லது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள்; ஓடாமலே கிழமானது அதுதான்.

"இத்தனைக்கும் செலவு யார் தருவது?" என்பது கடைசி ஆட்சேபம். மதிக்கத்தக்க ஆட்சேபந்தான்; கடன் வாங்கி வண்டி வாங்கினவர்களுக்குப் பணம் மரத்தில் காய்க்கவில்லை. ஆனால் வெடித்த டயர் கிழிக்கிற தகட்டையும், குழாயையும், தரையையும் செப்பனிடுகிற செலவை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் வண்டிக் கம்பெனியின் உத்தரவாதம் டயரைத் தொடாது. அது டயர்க் கம்பெனியின் பொறுப்பு என்று ஒதுங்கிவிடும். மலிவு டயரின் மீதி விலையை நாம்தான் கட்டுகிறோம், சாலை ஓரத்தில் நின்றுகொண்டு.

இன்னும் ஒன்று உண்டு. அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னவை எல்லாம் சுயநலமாகவே நின்றுவிடும். டயர் வெடித்தால் அதைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, விதியை நொந்துகொண்டு போய்விடாதீர்கள். மிச்சமிருக்கிற டயரை வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுங்கள். 'டாட்' வரிசை முழுவதையும் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் புகார் எழுதுங்கள். புது டயர் வாங்கும்போது பதிவு அட்டையைப் பூர்த்தி செய்யுங்கள். திரும்பப் பெறும் நாள் வந்தால் உங்களைத் தேடிக் கடிதம் வர வேறு வழியில்லை. ஜி 159 விஷயத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி நினைக்கும்படி வழக்குகள் ஒவ்வொன்றாக மூடி முத்திரையிடப்பட்டன. புகார்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் துரதிருஷ்டம் என்ற பெயர் மாறிக் குற்றம் என்ற பெயர் வரும்.

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ மருமகனோ இப்படி ஒரு வண்டி வைத்திருந்தால், அடுத்த முறை பேசும்போது சௌக்கியம் விசாரித்த பிறகு இதையும் விசாரியுங்கள். ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சுமை எழுத்தைக் கேளுங்கள்; பிறகு அச்சின் சுமையைக் கேளுங்கள். கழித்துப் பார்த்து நாற்பது ராத்தல்தான் மிஞ்சுகிறது என்றால், அந்தப் பிரயாணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மலையும் ஏரியும் எங்கும் போய்விடாது.